நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து அரை விரல்

ஒரே நம்பரில் இரண்டு கார்கள் இருந்தால் அதில் ஒன்று போலி. எது போலி என்று சொல்வதுதான் என் பிழைப்பு. முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஜனங்களும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராமிக்கில், பனி உருகிச் சேறாகிக் கிடந்த ஒரு பின்சந்துக்குள் எங்கள் வண்டி நுழைந்தபோது வியாழக்கிழமை காலை பத்து மணி. பார்க்கவேண்டிய கராஜின் கதவு இன்னும் திறக்கவில்லை. அதற்குள் நான் தீர்ப்பை எழுதி முடித்திருந்தேன். கோட்டுப் பையில் மடித்து வைத்திருந்தேன், தேதியும் கையெழுத்தும்தான் பாக்கி. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே விவாகரத்துப் பத்திரம் அடிச்சு எடுத்துட்டு வர்ற ஆளு நீங்க மட்டும்தான் பாஸ்," என்றாள் ட்ரூடி, சேற்றில் வண்டியைத் திருப்பியபடி.

ட்ரூடி வான்ஸ் என் உதவியாளர். நாற்பது வயது. என்னிடம் வருவதற்கு முன் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கிய கார்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண்ணும் கூர்மை, வாயும் கூர்மை. கண்ணுக்குத்தான் நான் சம்பளம் கொடுக்கிறேன், வாய் இலவசம்.

"ஹால்டார்சன் கேட்டிருக்கார்," என்றேன். "சனிக்கிழமை பகல் பன்னெண்டுக்கு ஏலம். அதுக்குள்ள பேப்பர் அவர் கையில இருக்கணும்."

"அவர் கேட்டா காலையில பல் தேச்சேன்னும் கையெழுத்துப் போட்டுக் குடுப்பீங்களா?"

"தேச்சிருந்தா போடுவேன்."

"இந்தக் கராஜ் வண்டிய நீங்க இன்னும் பார்க்கவே இல்லயே பாஸ்."

கதவைத் திறந்து சேற்றில் இறங்கினேன்.

ப்ரென்ட் ஹால்டார்சன் ஏலக் கம்பெனி முதலாளி. சனிக்கிழமை இண்டியானாபொலிஸில் அவர் மேடையில் ஏறப்போவது கரும்பச்சை நிற ஹார்லன் ரெய்டர். 1970ஆம் வருஷத்து மாடல், மடக்குக் கூரை, பெரிய இன்ஜின், நாலு கியர். இந்த மூன்றும் சேர்ந்த வண்டிகள் மொத்தம் பதினொன்றுதான் செய்தார்கள், ஒவ்வொன்றிலும் தொழிற்சாலையே குத்திய தனி நம்பர். பிறந்தபோது இருந்த அதே இன்ஜின் அதே உடம்பில் இருந்தால் ஒன்பது லட்சம் டாலர் வரை போகும். இன்ஜினை மாற்றியிருந்தால் தொண்ணூறாயிரம் கிடைத்தாலே பெரிய விஷயம். ஓட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஓட்டிப் பார்ப்பதற்காக யாரும் வாங்குவதும் இல்லை.

அந்த ஏல வண்டிக்குப் பத்து வருஷத்துக்கு முன் 'அசல்' என்று சான்றிதழ் கொடுத்தவன் வெண்டெல் ப்ரூட். அதாவது நான். இந்த வருஷ ஏலப் புத்தகத்தின் அட்டையில் வண்டியின் படம், உள்ளே என் படம். அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஹாம்ட்ராமிக்கிலிருந்து ஆர்லீன் சோப்சாக் என்ற பெண் கம்பெனிக்குக் கடிதம் எழுதியிருந்தார். இதே நம்பர் வண்டி என் அப்பாவின் கராஜில் நிற்கிறது, வந்து பாருங்கள் என்று இரண்டே வரி. ஹால்டார்சன் எனக்குப் போன் செய்து, "போய் அந்த வாயை மூடிட்டு வா வெண்டெல்," என்றார்.

ஆர்லீனுக்கு அறுபது வயது இருக்கும். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவர் போடும் மஞ்சள் பட்டைக் கோட்டு. கையில் சாவிக்கொத்தோடு கராஜ் வாசலில் நின்றார்.

"பன்னெண்டரைக்கு நான் பஸ் எடுக்கணும்," என்றார். "அதுக்குள்ள முடிஞ்சிடுமா?"

"அரை மணி நேரம் போதும் மேடம்."

"அப்பாவுக்கும் அரை மணி நேரம்தான் குடுத்தீங்க."

"உங்க அப்பாவை எனக்கு..."

"காசிமிர் சோப்சாக். கண்காட்சி மைதானத்துல வரிசையில நின்னார். பன்னெண்டு வருஷம் ஆச்சு. போன ஏப்ரல்ல போயிட்டார்."

நான் வருத்தம் தெரிவித்தேன். ஞாபகம் இல்லை என்றும் சொன்னேன். அது உண்மைதான். கண்காட்சி நாளில் முப்பது வண்டி, நாற்பது வண்டி பார்ப்பேன். பாஸ் ஆனவற்றுக்குத்தான் என்னிடம் நோட்டு உண்டு. கழித்துக்கட்டிய வண்டிகளின் கணக்கை நான் வைத்துக்கொள்வதில்லை, அந்த மனிதர்களையும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

ஆர்லீன் கதவைத் தூக்கினார். உள்ளே ஒரு ரெய்டர். அதே கரும்பச்சை, ஆனால் வெளுத்து ஆலிவ் காய் நிறத்துக்கு வந்திருந்தது. முன் டயர் இரண்டிலும் காற்று இல்லை. தூசி படிந்த முன் கண்ணாடியில், மஞ்சள் மெழுகுப் பென்சிலால் மூலைக்கு மூலை ஒரு பெருக்கல் குறி.

ட்ரூடி குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கழிச்ச வண்டிக்கு நீங்க போடற குறி மாதிரி இருக்கே பாஸ்."

"யார் வேணா போடலாம்."

"கீழ முடியற இடத்துல ஒரு சுழி. ஹோட்டல் பில்லுல கையெழுத்துப் போடறப்பவும் இப்படித்தான் சுழிப்பீங்க." ஆர்லீன் பக்கம் திரும்பினாள். "மேடம், இத ஏன் துடைக்காம விட்டுட்டீங்க?"

"அப்பா துடைக்க விடல," என்றார் ஆர்லீன்.

வேலையை ஆரம்பித்தேன். இன்ஜினில் குத்தியிருந்த நம்பர் பொருந்தியது. கதவுத் தகட்டு நம்பர் பொருந்தியது. முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள நம்பரும் பொருந்தியது. எல்லாம் பொருந்தப் பொருந்த எனக்குத் தைரியம்தான் வந்தது. போலி செய்கிறவன் நம்பரைத்தானே முதலில் சரிசெய்வான்? அவன் தவறு செய்வது நம்பரில் இல்லை, யாரும் குனிந்து பார்க்காத இடங்களில். அந்த இடங்களைப் பட்டியல் போட்டு நான் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறேன். தொழிலில் அதைப் புத்தகம் என்றுகூடச் சொல்லமாட்டார்கள். 'ப்ரூட்ல பார்த்தியா?' என்றுதான் கேட்பார்கள்.

பக்கம் 112, பின் சக்கரங்களை இணைக்கும் அச்சு. உள்ளே எந்த அளவுப் பல்சக்கரம் இருக்கிறது என்று அடுத்த ஆளுக்குத் தெரிவதற்காக, தொழிற்சாலையில் அச்சைப் பொருத்துகிறவர் அதன்மேல் தூரிகையால் மஞ்சள் பட்டை ஒன்று இழுத்துவிடுவார். அச்சின் நடுவே உள்ள உருண்டையை நாங்கள் பூசணி என்போம். இந்த மாடலில் மஞ்சள் பட்டை பூசணிக்கு வலது பக்கம் இருக்கவேண்டும். இடது பக்கம் இருந்தால் போலி. இது ப்ரூட் வாக்கு.

"ட்ரூடி, அடியில போய்ப் பாரு."

"உங்க முட்டி இன்னிக்கும் வலிக்குதா பாஸ்?"

"வலிக்குது."

"முப்பது வருஷமா வலிக்கற முட்டி. மியூசியத்துல வைக்கலாம்." டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு மல்லாந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரம் துணியால் தேய்க்கும் சத்தம் கேட்டது. "அம்பது வருஷத்துக் கிரீஸ் இருக்கு. ஹ்ம். பட்டை இருக்கு பாஸ். மஞ்சள்தான்."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

"முடிஞ்சது," என்று கோட்டுப் பைக்குள் கைவிட்டேன்.

"அப்பாகிட்டயும் இந்த வார்த்தையத்தான் சொன்னீங்க," என்றார் ஆர்லீன். குரலில் கோபம் இல்லை. நேற்றைய வானிலையைச் சொல்வது போலத்தான் சொன்னார். எனக்குத்தான் என்னவோபோல் இருந்தது.

"மேடம், இதுல சொந்த விருப்பு வெறுப்பு ஒண்ணும் இல்ல. உங்க அப்பா பாவம், யார்கிட்டயோ ஏமாந்து வாங்கியிருப்பார்..."

"யார்கிட்டயும் வாங்கல. அவர் வேலை பார்த்த கார் தொழிற்சாலையிலயே வாங்கினார். ஆர்டர் குடுத்தவன் வேண்டாம்னுட்டான், தொழிலாளி விலைக்கு இவருக்குக் குடுத்தாங்க. அந்த வண்டி வரிசையில வர்றப்ப அப்பா அங்கதான் நின்னுட்டிருந்தார்."

இந்தக் கதையைக் கழித்துக்கட்டிய வண்டிக்காரர்களில் பாதிப் பேர் சொல்வார்கள். அனுதாபமாகத் தலையாட்ட நான் பழகி வைத்திருக்கிறேன். ஆட்டினேன்.

ட்ரூடி வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டாள். பைக்குள்ளிருந்து என் புத்தகத்தை எடுத்து 112ஆம் பக்கத்தைத் திருப்பினாள். பக்கம் முழுக்க ஒரே படம். பூசணி, அதன் வலதுபுறம் மஞ்சள் பட்டை, அதைத் தொட்டுக்காட்டும் ஒரு கை.

"இந்தப் படம் யார் எடுத்தது?"

"ஆசிரியர் சேகரிப்பு."

"அது கீழயே போட்டிருக்கே. எடுத்தது யாருன்னு கேட்டேன்."

"கார் கிளப் பத்திரிகையில படம் அனுப்பச் சொல்லி எழுதியிருந்தேன். ஷூ டப்பா நிறைய வந்துச்சு. யாரோ அனுப்பினது."

"பேர் போடல?"

"கவரை எப்பவோ தூக்கிப் போட்டாச்சு."

"சரி, அந்த வண்டிக்கு அடியில நீங்க போய்ப் பார்த்தீங்க இல்ல?"

"படம் தெளிவா இருந்துச்சே," என்றேன். சொல்லும்போதே காது சூடாகிவிட்டது. முப்பது வருஷத்தில் யாரும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

ட்ரூடி படத்தை வெளிச்சத்துக்கு நீட்டிப் பிடித்தாள். "வலது கை. ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கு, மேல் கணு இல்ல. பிளாஷ் விரலுக்கு நேர் எதிரே அடிச்சிருக்கு. கூட வேற ஆள் இல்ல. படுத்துக்கிட்டே ஒரு கையால கேமரா, ஒரு கையால விரல் காட்டியிருக்கார். பாஸ், நான் பதினஞ்சு வருஷம் கேமரா பிடிச்சவ. பட்டன் எந்தப் பக்கம் இருக்கும்?"

"வலது."

"அப்போ வலது கை கேமராவுல இருக்கணும், காட்டற கை இடதா இருக்கணும். இது எப்படி வலது கையாச்சு?"

"இடதுகைக்காரரா இருக்கலாம்."

"இடதுகைக்காரருக்குன்னு தனியா கேமரா செய்யறதில்ல பாஸ்."

நான் வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ட்ரூடி என்னைக் கவனிக்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஆணியில் ஒரு ஜோடித் தோல் கையுறை தொங்கியது. ஒன்றில் ஐந்து விரலும் முழுசாக இருந்தன. மற்றதில் ஆள்காட்டி விரலைப் பாதியில் வெட்டி, தடித்த நூலால் மூடித் தைத்திருந்தது.

"மேடம், அது யாரோடது?"

"அப்பாவோடது. தகடு அழுத்தற பிரஸ் மெஷின்ல போச்சு. நான் மூணாவது படிச்சிட்டிருந்தேன். வெறும் விரல் தொங்கினா எதுலயாவது மாட்டிக்கும்னு அம்மாதான் ஒவ்வொரு கையுறையையும் தைச்சுக் குடுப்பாங்க."

"எந்தக் கை?"

"இடது."

ட்ரூடி புத்தகத்தை மெல்ல மூடினாள். அவள் வாயிலிருந்து ஒரு நக்கலும் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அச்சகத்தில் படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து வந்த மாதிரிப் பக்கத்தில் இருந்த படத்தைப் பார்த்துத்தான் நான் எழுதினேன். பட்டை உண்மையில் இருந்தது இடது பக்கம்.

"மத்த வண்டிங்க இருக்கே," என்றேன். குரல் எனக்கே வக்கீல் குரலாகக் கேட்டது. "பதினொண்ணுல நாலு இன்னும் ஓடுது. நாலுலயும் பட்டை வலது பக்கம்தான். நானே சோதிச்சிருக்கேன்."

"நாலும் பிரிச்சு மேய்ஞ்சு புதுசா பெயிண்ட் அடிச்ச வண்டி. எதைப் பார்த்து அடிச்சாங்க பாஸ்?"

எதைப் பார்த்து என்று அந்தக் கராஜில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நான் தப்பாக எழுதினேன், ஊர் அதைப் பார்த்து அசலையெல்லாம் தப்பாகத் திருத்திக்கொண்டது, பிறகு அந்தத் திருத்தத்தைப் பார்த்து நான் எழுதியது சரி என்று நானே திருப்திப்பட்டுக்கொண்டேன். யாரும் தொடாத ஒரே வண்டி இதுதான். அதைத்தான் நான் போலி என்றேன்.

கோட்டைக் கழற்றி ட்ரூடியிடம் கொடுத்துவிட்டு நானும் மல்லாந்து உள்ளே போனேன். முட்டி வலிக்கவில்லை. பட்டை இருந்தது. பூசணிக்கு இடது பக்கம், ஒரு விரல்கடை அகலம், முடியும் இடத்தில் பெயிண்ட் ஒரு சொட்டாக வழிந்து அப்படியே காய்ந்திருந்தது. அவசரத்தில், பின்னால் அடுத்த வண்டி வந்துகொண்டிருக்கும்போது ஒரு தொழிலாளி இழுத்தது. எந்தப் போலிக்காரனும் அந்தச் சொட்டை விடமாட்டான். தேவைக்கு மேலேயே அங்கே படுத்துக்கிடந்தேன். வெளியே இரண்டு ஜோடி ஷூக்கள் தெரிந்தன. அந்த முகங்களைப் பார்ப்பதைவிட அச்சைப் பார்ப்பது சுலபமாக இருந்தது.

அந்த மனுஷன் தன் சொந்தக் காரைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார். நான் அதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு புத்தகம் போட்டேன். பிறகு அதே காரை அவர் ஓட்டிக்கொண்டு வந்தபோது, அதே படத்தை வைத்து அவரைப் போலி என்று அனுப்பினேன்.

வெளியே வந்ததும் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். நான் சொன்னது இது.

"மேடம், இன்னும் சில பரிசோதனை தேவைப்படுது. இப்போதைக்கு, முடிவாச் சொல்ல முடியாதுன்னு எழுதித் தர்றேன்."

ட்ரூடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன முடிவாச் சொல்ல முடியாது?" என்றார் ஆர்லீன். "நீங்க ரெண்டு பேரும் பேசினது எனக்கும் கேட்டுச்சு மிஸ்டர் ப்ரூட். பௌலிங் கிளப்ல அப்பாவை 'போலி சோப்சாக்'னு கூப்பிட்டாங்க. யார்கிட்டயோ நம்பர் திருடிட்டார்னு பேசினாங்க. நாப்பது வருஷமா வியாழக்கிழமை தவறாம போன ஆட்டத்துக்கு, அதுக்கப்புறம் அவர் போகவே இல்ல. வண்டிய விக்க எனக்கு ஒரு அவசரமும் இல்ல. அவர் திருடன் இல்லன்னு ஒருத்தர் எழுதித் தரணும். அதுக்குத்தான் கடிதம் போட்டேன். கொஞ்சம் இருங்க."

வீட்டுக்குள் போனார்.

"என்னைத் திட்டு," என்றேன் ட்ரூடியிடம்.

"நான் கிண்டல் பண்றவ பாஸ். இதுக்கு வேற ஆள் பார்க்கணும்."

ஆர்லீன் ஒரு பிரெட் பையில் சுற்றிய பொருளோடு வந்தார். பிரித்தால், என் புத்தகம். முதல் பதிப்பு. 112ஆம் பக்கம் தானாகவே திறந்துகொள்ளும் அளவுக்குப் பழகியிருந்தது. ஓரத்தில் பென்சிலால், பள்ளிக்கூடத்தை அதிகம் பார்க்காத கையெழுத்தில் இரண்டு வரி. 'என் படம் மாறி விழுந்துவிட்டது. பட்டை இடது பக்கம். தபாலில் சொன்னால் வருத்தப்படுவார், நேரில் பார்த்துச் சொல்ல வேண்டும்.'

அந்தப் பென்சில் எழுத்தின் மேலேயே, படத்தின் குறுக்கே, பட்டை நிப்புப் பேனாவால் நீல மையில் எழுதியிருந்தது:

'காசிமிருக்கு. அடுத்த முறை அசலோடு வாருங்கள். அன்புடன், வெண்டெல் ப்ரூட்.'

கையெழுத்தின் கீழே ஒரு சுழி.

அப்போது ஞாபகம் வந்துவிட்டது. வராமலே இருந்திருக்கலாம். வரிசை நீளம், வெயில். கழித்துக்கட்டிய பிறகும் போகாமல் நின்ற ஒரு கிழவர். கக்கத்திலிருந்து புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தை விரித்து என் முன்னால் நீட்டினார். "சார், இந்தப் படத்துல..." என்று ஆரம்பித்தார். ஆட்டோகிராப் கேட்கிறார் என்று நினைத்தேன். பெயர் கேட்டேன், சொன்னார். எழுதினேன். பின்னால் நின்றவர்கள் அந்த 'அசலோடு' என்ற வார்த்தையைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என்ன சாதுரியம் என்று அன்று ராத்திரி என் மனைவியிடம் சொல்லிக்காட்டியது வரைக்கும் ஞாபகம் வந்தது. கிழவர் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, "நன்றி சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கராஜில் நாற்காலி எதுவும் இல்லை. இருந்திருந்தால் உட்கார்ந்திருப்பேன்.

"அப்போ ஏலத்துல நிக்கற அந்தப் பளபளா வண்டிக்கு இந்த நம்பர் எப்படிப் போச்சு?" என்றாள் ட்ரூடி. என்னை வேலைக்குள் இழுத்துப்போட அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

அதுவரை நான் அதை யோசிக்கவே இல்லை. யோசித்தபோது ஒரே நிமிஷத்தில் விடை கிடைத்தது. இவ்வளவு சுலபமான விடையைப் பத்து வருஷம் கண்டுபிடிக்காதவன் துப்பறிகிறவன் என்று போர்டு மாட்டியிருக்கிறான்.

"வண்டியக் கழிச்சா ஒரு சீட்டு எழுதுவேன். நம்பர், காரணம், எல்லாம் இருக்கும். ரெண்டு பிரதி. ஒண்ணு வண்டிக்காரருக்கு."

"அது உள்ள இருக்கு," என்றார் ஆர்லீன். "பைபிள்குள்ள வெச்சிருந்தார்."

"இன்னொண்ணு அன்னிக்குக் கண்காட்சி நடத்தினவருக்கு."

"நடத்தினது யாரு?" என்றாள் ட்ரூடி.

"ஹால்டார்சன்."

தொழிற்சாலைப் பட்டியலில் அந்த நம்பர் இருக்கிறது. அந்த நம்பரோடு வந்த ஒரே வண்டியைப் போலி என்று நான் ஒதுக்கிவிட்டேன். அப்படியென்றால் அசல் எங்கோ தொலைந்துவிட்டது என்று அர்த்தம், நம்பர் சும்மா கிடக்கிறது. சாதாரண ரெய்டர் ஒன்றை வாங்கி, நம்பரைக் குத்தி, என் புத்தகத்தை மேஜைமேல் விரித்துவைத்து ஒவ்வொரு பக்கமாகச் செய்தால் போதும். இரண்டு வருஷம் கழித்து என்னிடமே கொண்டுவந்தால், நூறு கேள்வியில் நூறும் சரியான பதில். பதில் எழுதியவனே பரீட்சை திருத்துகிறான்.

போனை எடுத்தேன். ஆர்லீனும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டேன். இல்லாவிட்டால் நடுவில் பின்வாங்கிவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

"பேப்பர் ரெடியா வெண்டெல்?" என்றார் ஹால்டார்சன்.

"ரெடி. இங்க இருக்கறது அசல். உங்க வண்டி போலி."

"யார் சொல்றது?"

"என் புத்தகம். அதுல ஒரு தப்பு இருக்கு. உங்க வண்டியில அதே தப்பு அதே இடத்துல இருக்கு. 1970ல வண்டி செஞ்சவங்க என் புத்தகத்தப் பார்த்துச் செய்யல ப்ரென்ட். நான் அப்போ அத எழுதவே இல்ல."

"மத்த நாலு வண்டியிலயும்..."

"எந்தத் தப்புன்னு நான் இன்னும் சொல்லலயே."

ட்ரூடி புருவத்தைத் தூக்கி எனக்கு ஒரு மார்க் போட்டாள். அன்று காலை எனக்குக் கிடைத்த ஒரே மார்க்.

ஹால்டார்சனின் குரல் இறங்கியது. "யோசிச்சுப் பேசு. நான் மூழ்கினா நீயும் சேர்ந்து மூழ்குவ. சான்றிதழ்ல இருக்கறது உன் கையெழுத்து. நாளைக்கு நீ தொட்ட வண்டி ஒவ்வொண்ணையும் எவனாவது தூக்கிட்டு வந்து சண்டைக்கு நிப்பான்."

"நிக்கட்டும். என் கையெழுத்து எங்கெல்லாம் இருக்குன்னு இப்பத்தான் நானே பார்க்க ஆரம்பிச்சிருக்கேன். வண்டிய மேடையிலேர்ந்து இறக்கிடுங்க. இல்லன்னா சனிக்கிழமை பன்னெண்டு மணிக்கு நான் முதல் வரிசையில உட்கார்ந்திருப்பேன்."

போனை வைத்தேன். அதை வீரம் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்த நீல மை எழுத்துகள் இன்னும் ஆர்லீன் கையில் விரிந்தே இருந்தன.

பையிலிருந்த தீர்ப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாளில் எழுதினேன். காசிமிர் சோப்சாக்கின் வண்டி அசல். அவர் சொன்னதும் சரி. தவறு முழுவதும் என்னுடையது. பக்கம் 112இன் படம் அவர் எடுத்தது, அவர் பெயரைப் போடாமல் விட்டதும் நான்தான். தேதி போட்டேன், சுழி இல்லாமல் கையெழுத்துப் போட்டேன்.

ஆர்லீன் இரண்டு தடவை படித்தார். நன்றி சொல்லவில்லை, சொல்லாமல் விட்டதற்கு நான் கடன்பட்டிருக்கிறேன். தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்தார்.

"ஒண்ணு பாக்கி இருக்கு," என்றார்.

"சொல்லுங்க."

முன் கண்ணாடியைக் காட்டினார். "எத்தனையோ தடவை நான் துடைக்கப் போனேன். அப்பா விடல. 'போட்டவரே வந்து துடைக்கட்டும். புத்தகத்த வீட்டுக்குப் போய்ப் பார்த்திருப்பார், வந்துடுவார்'னு சொல்வார். ஆஸ்பத்திரியில படுத்திருக்கறப்பக் கூடச் சொன்னார். நான் அது மேல கை வெக்கல."

பன்னிரண்டு வருஷம் அவர் என்னைத் திட்டிக்கொண்டிருந்திருப்பார் என்றுதான் நினைத்திருந்தேன். நான் நல்லவன், வருவேன் என்று நம்பிக்கொண்டு இருந்திருக்கிறார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கைக்குட்டையை எடுத்துத் தேய்த்தேன். மெழுகு கல்லாகியிருந்தது. ட்ரூடி எதையோ சுரண்டுகிற தகடு ஒன்றை நீட்டினாள், வேண்டாம் என்றேன். நகத்தால் சுரண்டி, வாயால் ஆவி ஊதி, மறுபடி தேய்த்தேன். ஒரு கோடு போக பத்து நிமிஷம், இன்னொரு கோடு போக அதற்கும் மேல். நகக்கண் எரிந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஆர்லீன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

முடித்துவிட்டு விலகி நின்று பார்த்தேன். மெழுகு முழுக்கப் போய்விட்டது. ஆனால் கண்ணாடி எங்கும் பன்னிரண்டு வருஷத் தூசி. நான் தேய்த்த இடம் மட்டும் சுத்தமாக, பளிச்சென்று, மூலைக்கு மூலை அதே பெருக்கல் குறியாகத் தெரிந்தது.

"ஒரு வாளி தண்ணி கிடைக்குமா மேடம்?" என்று கேட்டேன்.

ஆர்லீன் கொண்டுவந்து வைத்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு மொத்தக் கண்ணாடியையும் துடைக்க ஆரம்பித்தேன்.